பலர் புழங்கும் கூடத்துக்குச் சிறிய ஸ்பீக்கர் ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் முறை

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி என்று காவிரிப் படுகையின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், வீட்டுக் கூடம் ஒருவருக்கு மட்டும் உரிய இடமாக இருப்பதில்லை. காலையில் பூஜைப் பாட்டு ஒலிப்பதும், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவதும், மாலையில் பெரியவர்கள் தொடர் பார்ப்பதும், விருந்தினர் வந்தால் பாய் விரித்து உட்கார்வதும், நவராத்திரியில் கொலுப்படி கட்டுவதும் அதே கூடத்தில்தான். அங்கே வைக்கப்படும் ஸ்பீக்கர், பாட்டுக் கேட்பவரின் காதுக்கு மட்டுமல்லாமல், பாட்டுக் கேட்க விரும்பாதவரின் கண்ணுக்கும் பொறுமைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அலமாரியிலோ, மேசையிலோ, தொலைக்காட்சிக்கு இருபுறமோ வைக்கத்தக்க ஜோடி ஸ்பீக்கர்களைப் பற்றியது இந்த வழிகாட்டி. ஒவ்வொரு பெட்டியும் ஏறத்தாழ 25 முதல் 35 செ.மீ. உயரம் இருக்கும்; தாழ்ந்த (கனத்த), நடு ஒலிகளுக்கு 4 முதல் 6½ அங்குல வூஃபர் ஒன்றும், உயர்ந்த (கீச்சென்ற) ஒலிகளுக்கு ஓர் அங்குல அளவிலான ட்வீட்டர் ஒன்றும் அதில் இருக்கும். இவற்றைத் தேர்ந்தெடுப்பதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: கடைக்குப் போவதற்கு முன்பே வைக்கும் இடம் முடிவாகியிருக்க வேண்டும்; பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, குறைந்த சத்தத்தில் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்பதற்கே முதலிடம் தர வேண்டும். அதிர வைக்கும் ஆற்றல் பலர் வாழும் வீட்டில் பெரும்பாலும் பயன்படாமலே கிடக்கும்.

இடத்தை முடிவு செய்தல்

பழைய வீடுகளில் ரேழியைத் தாண்டியதும் கூடமும், அதை ஒட்டித் திறந்த முற்றமும், நடுவில் ஊஞ்சலும் இருக்கும். புதிய வீடுகளில் டைல்ஸ் தரையும், ஒரு பக்கச் சுவர் முழுவதும் தொலைக்காட்சிக்கான மர அமைப்பும் இருக்கும். இரண்டிலும் ஸ்பீக்கருக்கு முதலில் கண்ணில் படும் இடம், சுவருக்குள் கடப்பாக் கல் பதித்துக் கட்டிய அலமாரித் தட்டுதான். அந்தத் தட்டின் ஆழம் பொதுவாக ஓரடியை ஒட்டியே இருக்கும். ஸ்பீக்கரின் ஆழம் 20 முதல் 28 செ.மீ. வரை போகலாம், அதன் பின்புறம் ஒயரின் முனைக்கு மேலும் நான்கைந்து செ.மீ. தேவைப்படும். எனவே விவரப் பட்டியலில் உயரத்தையும் அகலத்தையும் மட்டும் பார்த்துவிட்டு வாங்கிய பெட்டி, தட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இதற்கு மிக எளிய வழி, நீங்கள் உத்தேசித்திருக்கும் ஸ்பீக்கரின் அளவிலேயே இரண்டு அட்டைப் பெட்டிகளைச் செய்து, அவற்றை அந்த இடத்தில் ஒரு வாரம் வைத்துப் பார்ப்பதுதான். சன்னல் கதவு திறக்கும்போது இடிக்கிறதா, ஊஞ்சல் முன்னே வரும்போது தட்டுகிறதா, பெருக்குபவருக்கு இடைஞ்சலா, காலண்டர் மறைகிறதா என்பதெல்லாம் இரண்டு நாட்களிலேயே தெரிந்துவிடும். வீட்டில் இருக்கும் மற்றவர்கள் அந்த அட்டைப் பெட்டிகளைப் பார்த்துச் சொல்லும் கருத்தையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பணம் கொடுத்த பிறகு எழும் ஆட்சேபத்துக்குத் தீர்வு காண்பது கடினம்.

இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலான தொலைவும், ஒவ்வொரு பெட்டிக்கும் கேட்பவருக்கும் இடையிலான தொலைவும் ஏறத்தாழ சமமாக இருந்தால், பாடகரின் குரல் இரண்டுக்கும் நடுவிலிருந்து வருவதுபோலக் கேட்கும். கூடங்களில் இது பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு அடிக்குள் அமையும். ஒன்றை அலமாரியிலும் மற்றொன்றைத் தரையில் ஸ்டூலிலும் வைப்பது, ஒன்றைச் சுவர் மூலையிலும் மற்றொன்றைக் கதவருகிலும் வைப்பது போன்ற ஏற்பாடுகளை எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கராலும் ஈடுகட்ட முடியாது.

உயரத்தைப் பொறுத்தவரை, ட்வீட்டர் காதின் மட்டத்துக்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. நம் கூடங்களில் சிலர் நாற்காலியிலும் சிலர் தரையில் பாயிலும் உட்கார்வதால், காது மட்டம் என்பது முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் வரை மாறுகிறது. ட்வீட்டர் 90 செ.மீ. உயரத்தில் வருமாறு வைத்தால் இரு சாராருக்கும் பழுதில்லை. தட்டு அதைவிட உயரத்தில்தான் இருக்கிறதென்றால், பெட்டியின் பின்பக்கம் சிறு ரப்பர் கட்டை கொடுத்து முகத்தைக் கீழ்நோக்கிச் சற்றே சாய்க்கலாம்.

ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்பவருக்கும், கூடத்தில் நடமாடிக்கொண்டே கேட்பவர்களுக்கும் ஒரு புள்ளியில் மட்டும் துல்லியமாக ஒலிக்கும் ஸ்பீக்கர் உதவாது. பக்கவாட்டிலும் ஒலியைச் சீராகப் பரப்பும் வகை வேண்டும். வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டரைப் பொருத்தும் அமைப்பு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. இங்கிலாந்தின் கெஃப் நிறுவனம் 1988-இல் இதை யூனி-க்யூ என்ற பெயரில் கொண்டுவந்து இன்றுவரை மேம்படுத்தி வருகிறது. ஆனால் நன்றாக வடிவமைக்கப்பட்ட சாதாரண அமைப்பிலும் இந்தப் பண்பு கிடைக்கும். கடையில் கேட்கும்போது நடுவில் நின்று ஒரு முறையும், ஓரமாக இரண்டு மூன்று அடி தள்ளி நின்று ஒரு முறையும் கேளுங்கள்; ஓரத்தில் குரல் மங்கிப் போனால் அந்த ஸ்பீக்கர் தனியறைக்கு உரியது.

கூடத்தின் எதிரொலி

சிவப்புச் சிமெண்ட் தரை, மொசைக், டைல்ஸ், சுண்ணாம்புச் சுவர், கல்தட்டு எல்லாம் ஒலியைத் திருப்பி அனுப்புபவை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1890-களில் அறைகளின் ஒலியியலை முதன்முதலில் அளந்த வாலஸ் சபைன், ஒலி உறிஞ்சுதலைத் திறந்த சன்னலின் பரப்பளவாகக் கணக்கிட்டார். சன்னல் வழியே வெளியேறிய ஒலி திரும்பி வருவதில்லை அல்லவா. அவருடைய சூத்திரப்படி, நான்குக்கு ஐந்து மீட்டர் பரப்பும் 3.3 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு கூடத்தில், 5 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்கு ஈடான உறிஞ்சுதல் மட்டுமே இருந்தால், ஓர் ஒலி முழுமையாக அடங்க ஏறத்தாழ 2.1 வினாடி ஆகும். அந்த உறிஞ்சுதலை 15 சதுர மீட்டராக உயர்த்தினால் அது 0.7 வினாடியாகக் குறையும். முதல் கூடத்தில் செய்தி வாசிப்பவரின் ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சில சொற்கள் வந்து அதன்மேல் விழும். சத்தத்தைக் கூட்டக் கூட்டக் குழப்பமும் சேர்ந்தே கூடும்.

ஆகவே ஸ்பீக்கருக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கைக் கனமான திரைச்சீலை, தடித்த ஜமுக்காளம், துணி உறையிட்ட மெத்தை நாற்காலி ஆகியவற்றுக்கு வைப்பது வீண் செலவாகாது. கோரைப் பாய் மெல்லியது. உயர்ந்த ஒலிகளை மட்டும் ஓரளவு தணிக்கும். ஒழுங்கின்றிப் புத்தகங்கள் அடுக்கிய அலமாரி ஒலியை நன்றாகச் சிதறடிக்கும். முற்றம் உள்ள வீட்டாருக்கு இந்தக் கவலை குறைவு, ஏனென்றால் மேலே திறந்த வெளி ஒரு பெரிய சன்னலாகவே வேலை செய்கிறது. ஆனால் அதே வழியாக உங்கள் பாட்டு அடுத்த வீட்டு முற்றத்துக்கும் போய்விடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவு எதிரொலி உள்ள கூடங்களுக்கு, உயர்ந்த ஒலிகளை மிகைப்படுத்திக் காட்டும் ஸ்பீக்கர் பொருந்தாது. கடையில் பத்து நிமிடம் கேட்கும்போது பளிச்சென்று ஈர்க்கும் அந்தக் குணமே, டைல்ஸ் தரையுள்ள வீட்டில் ஒரு மணி நேரத்தில் தலைவலியாக மாறும்.

பெட்டியின் அளவும் தாழ்ந்த ஒலியும்

சிறிய பெட்டி, ஆழமான தாழ்ந்த ஒலி, குறைந்த மின்திறனில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றும் ஒரே ஸ்பீக்கரில் சேராது. ஏதாவது இரண்டைத்தான் பெற முடியும். அமெரிக்கப் பொறியாளர் ஹாஃப்மன் பெயரால் வழங்கும் இந்த விதிக்கு விளம்பர வாசகங்கள் விலக்கல்ல. கையடக்கப் பெட்டியிலிருந்து அடிவயிற்றைத் தொடும் பாஸ் (தாழ்ந்த ஒலி) வருமென்று எவரேனும் சொன்னால், 100 ஹெர்ட்ஸை (வினாடிக்கு 100 அதிர்வுகளை) ஒட்டிய பகுதியைச் செயற்கையாக உயர்த்தி, ஒருவித உறுமலைத் தந்திருக்கிறார்கள் என்றே பொருள் கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் உண்மையில் எவ்வளவு தாழ்ந்த ஒலி தேவைப்படுகிறது என்று பார்ப்போம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் மத்திய ஷட்ஜம் (நடு ‘ஸ’) ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அவர் மந்தர பஞ்சமத்துக்கு (அதற்குக் கீழுள்ள ‘ப’) இறங்கினாலும் 98 ஹெர்ட்ஸ்தான். 60 ஹெர்ட்ஸ் வரை நேர்மையாக இறங்கும் ஐந்து அங்குல வூஃபர் வாய்ப்பாட்டுக்கும், வீணைக்கும், வயலினுக்கும், தொலைக்காட்சி உரையாடலுக்கும் தாராளமாகப் போதும். திரைப்பாடல்களில் வரும் பாஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அதன் அடிப்படை ஒலி சிறிய பெட்டியில் மங்கினாலும், 82, 123 ஹெர்ட்ஸில் வரும் அதன் மேல்சுரங்களைக் கொண்டு காது அந்தச் சுரத்தை அடையாளம் கண்டுகொள்ளும். சுரம் தெரியும், அதிர்வு மட்டும் குறையும்.

அந்த அதிர்வு குறைவதே பலர் வாழும் வீட்டுக்கு நன்மை என்பது என் கருத்து. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஐந்தரை மீட்டருக்கும் மேல்; அது கதவுக்கோ சுவருக்கோ கட்டுப்படுவதில்லை. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பழைய தெருக்களில் இரண்டு வீடுகளுக்குப் பொதுச்சுவர் ஒன்றே இருப்பதுண்டு. மாடியில் குடித்தனம் வைத்திருப்போரும் ஏராளம். அடுத்த அறையில் தூங்கும் குழந்தைக்கும், சுவருக்கு அப்பால் இருக்கும் நோயாளிக்கும் பாட்டின் குரல் கேட்காது, தாழ்ந்த அதிர்வு மட்டும் விடாமல் போய்ச் சேரும். எனவே தனியாக சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கு மட்டுமான பெட்டி) சேர்ந்த தொகுப்புகளைக் கூடத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. குடியிருப்புப் பகுதிகளுக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரையறுத்திருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

சிறிய பெட்டி என்பது சமரசப் பொருள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1970-களில் பி.பி.சி. நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு, வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்தில் பேச்சின் தரத்தைக் கண்காணிப்பதற்காக எல்.எஸ். 3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தது. உயரம் 30, அகலம் 19, ஆழம் 16 செ.மீ. அளவே உள்ள, துளையில்லாத மூடிய பெட்டி அது. தாழ்ந்த ஒலியும் அதிகச் சத்தமும் அதில் இல்லை. மனிதக் குரலை அது தந்த விதத்துக்காக அரை நூற்றாண்டு கடந்தும் அதன் மறுபதிப்புகளை நிறுவனங்கள் தயாரித்துக்கொண்டிருக்கின்றன. நமக்கு வேண்டியதும் அந்த வரிசை முறைதான்: முதலில் குரல், மற்றவை பின்னால்.

சுவர் அலமாரிக்குள் வைப்பவர்கள் காற்றுத் துளை எங்கே இருக்கிறதென்று கட்டாயம் பார்க்க வேண்டும். பல ஸ்பீக்கர்களில் தாழ்ந்த ஒலிக்குத் துணைசெய்யும் ஒரு துளை பின்புறம் இருக்கும். அதன் பின்னால் ஒரு சாணுக்குக் குறையாத வெளி வேண்டும். கல்தட்டுக்குள் அடைத்துவிட்டால் ஆண் குரல்கள் எல்லாம் குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிக்கும். துளை முன்பக்கம் உள்ள வகை அல்லது துளையே இல்லாத மூடிய வகை அலமாரிக்கு ஏற்றது. எதுவானாலும் பெட்டியின் முகம் தட்டின் முன்விளிம்போடு சமமாக வருமாறு முன்னிழுத்து வைத்து, பக்கங்களில் மிஞ்சும் இடத்தைப் புத்தகங்களால் நிரப்புங்கள். அடியில் ரப்பர் வில்லைகள் இருந்தால் அதிர்வு கல்லுக்குப் போகாது. சுவரை நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலி தானாகவே கூடும், மூலையில் இன்னும் கூடும் என்பதால், சிறிய பெட்டி சுவரருகே இருப்பது ஓரளவுக்கு உதவியே; மூலையை மட்டும் தவிர்க்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயா, வெளியேயா

ஒலியைப் பெருக்கும் கருவியான ஆம்ப்ளிஃபயரை உள்ளேயே கொண்ட ஆக்டிவ் வகை, தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும் பாசிவ் வகை என்று இரண்டு உண்டு. கூடத்தில் பொருள்களும் ஒயர்களும் குறைய வேண்டும், வீட்டிலுள்ள எவரும் எளிதாக இயக்க வேண்டும் என்றால் ஆக்டிவ் வகையே சிறந்தது. எடிஃபையர் போன்ற நிறுவனங்களின் எளிய மாடல்கள் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. பாசிவ் வகையின் பெருமை அதன் ஆயுளில் இருக்கிறது. ஆக்டிவ் பெட்டியில் மின்சுற்று பழுதானால் முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு சேவை மையத்தைத் தேட வேண்டியிருக்கும், அது நம் மாவட்டத்திலேயே இல்லாமலும் போகலாம். பாசிவ் வகையில் ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாற்றினால் போதும், உள்ளூர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். ஏற்கெனவே நல்ல நிலையில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் தயங்காமல் பாசிவ் ஜோடியை வாங்கலாம்.

ஆக்டிவ் ஜோடிகளில் பெரும்பாலும் ஒரு பெட்டிக்குள்தான் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அங்கிருந்து மற்றப் பெட்டிக்கு ஒயர் போகும். கூடவே வரும் அந்த ஒயர் நம் கூடத்தின் அகலத்துக்குப் போதாமல் இருப்பது வழக்கம். முனை சாதாரணக் கிளிப்பாக இருந்தால் நீளமான ஒயர் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். அந்த நிறுவனத்துக்கே உரிய தனிவகைப் பிளக்காக இருந்தால் மாற்றுவது கடினம் என்பதால் வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் வரையிலான தொலைவுக்கு 1.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் போதும். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய ஒயர் மலிவாகக் கிடைக்கும். உப்புக் காற்று வீசும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கங்களில் அதன் முனைகள் விரைவில் கெடும்.

இணைப்புகளைப் பொறுத்தவரை, தொலைக்காட்சிக்கு எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. (தொலைக்காட்சியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்.டி.எம்.ஐ. இணைப்பு) அல்லது ஆப்டிகல் (ஒளிவழி) இணைப்பும், கைபேசிக்கு ப்ளூடூத்தும், பழைய கருவிகளுக்கு ஆர்.சி.ஏ. (சிவப்பு, வெள்ளை முனை) இணைப்பும் இருந்தால் நிறைவானது. ஏ.ஆர்.சி. இருந்தால் தொலைக்காட்சியின் ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வீட்டுப் பெரியவர்கள் இரண்டு ரிமோட்டுகளுக்கிடையே திண்டாட வேண்டியதில்லை. கேபிள் டி.வி. இணைப்புள்ள வீடுகளில் சாதாரண ஆடியோ ஒயரில் சில நேரம் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வரும். ஆப்டிகல் ஒயர் மின்சாரத்தைக் கடத்தாதது என்பதால் அதில் இந்தத் தொல்லை இருக்காது.

பெரியவர்களைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதுமையில் முதலில் குறைவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன்; மெய்யெழுத்துகளின் வேறுபாடுகள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. ‘சத்தம் கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் புரியவில்லை’ என்று தாத்தாவும் பாட்டியும் சொல்வது இதனால்தான். தட்டையான தொலைக்காட்சிகளின் ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ இருப்பதால் நிலைமை மேலும் மோசமாகிறது. முன்னோக்கி ஒலிக்கும் ஒரு நல்ல ஜோடியைப் பொருத்தினால், முன்பைவிடக் குறைந்த சத்தத்திலேயே உரையாடல் புரியும். பக்கத்தில் படிக்கும் பிள்ளைக்கும் இடைஞ்சல் குறையும். இசையில் நாட்டமில்லாத குடும்பத்துக்கும் இந்தச் செலவு தகும் என்று நான் சொல்வது இந்தக் காரணத்துக்காகவே.

வாட் கணக்கு

அட்டைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சத் திறன்) வாட் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை, ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் திறன்) வாட்டை மட்டும் பாருங்கள். பாசிவ் ஸ்பீக்கருக்கு உணர்திறன் என்று ஓர் எண் தருவார்கள். 86 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல் சத்தம் வரும். இரண்டு மீட்டரில் அது 80 ஆகும். சாதாரணப் பேச்சு 60 டெசிபலை ஒட்டியது. ஆகவே கூடத்தில் கேட்கும்போது சராசரியாக ஒரு வாட்டுக்கும் குறைவாகவே செலவாகிறது. தவிலின் திடீர் அடிகளுக்கு இடம் விட்டாலும் 20 அல்லது 30 வாட் போதுமானது. உணர்திறன் மூன்று டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். ஓம் (மின்தடை) மதிப்பு 6 அல்லது 8 ஆக இருந்தால் எளிய ஆம்ப்ளிஃபயர்களுக்கு நல்லது. 4 ஓம் என்றால் ஆம்ப்ளிஃபயர் அதை ஏற்குமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மற்றவர்கள் உறங்கும் நேரத்தில் மெல்லிய சத்தத்தில் கேட்பவர்களுக்கு வேறொரு விஷயம் முக்கியம். சத்தம் குறையும்போது நம் காது தாழ்ந்த ஒலிகளை அதே விகிதத்தைவிட அதிகமாக இழக்கிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து வெளியிட்ட வளைகோடுகள் இதைக் காட்டுகின்றன. பகலில் நிறைவாக ஒலித்த ஸ்பீக்கர் இரவில் மெலிந்துவிட்டதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. லவுட்னஸ் பொத்தானோ, பாஸ் கூட்டும் குமிழோ உள்ள கருவி இந்தக் குறையை நேராக்கும். இவை இல்லாதிருப்பதே தூய்மை என்று சிலர் வாதிடுவார்கள். பலர் வாழும் வீட்டுக்கு அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

பார்வைக்கு எப்படி

தேக்கு மரத் தூணும், பித்தளைக் குத்துவிளக்கும், சுவரில் தஞ்சாவூர் ஓவியமும் உள்ள கூடத்தில், பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கும் நிறம் மாறும் விளக்குகளும் கொண்ட பெட்டி கண்ணை உறுத்தும். வால்நட் அல்லது தேக்கு நிறத்தில் உண்மையான மரத்தோல் ஒட்டிய பெட்டிகள் அங்கே இயல்பாகப் பொருந்துகின்றன. விலை குறைந்தவற்றில் மர வரி அச்சிட்ட வினைல் தாள் ஒட்டியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் ஈரக் காற்றில் விளிம்புகள் பிரிய வாய்ப்புண்டு என்பதால் மூலைகளை விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். வெள்ளைச் சுவரும் வெளிர் நிற டைல்ஸும் உள்ள புதிய வீடுகளுக்கு மங்கலான வெள்ளை நிறப் பெட்டி நன்றாக இருக்கும்.

முன்பக்க வலை கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் ட்வீட்டரின் நடுவிலுள்ள மெல்லிய குமிழ் விரல் குத்தி உள்ளே போவது மிகச் சாதாரணமாக நடக்கும். துணி வலையைவிட உலோக வலை அதற்குப் பாதுகாப்பு. ஐந்து அங்குல வூஃபர் உள்ள பெட்டி பல நேரம் ஐந்து கிலோவை ஒட்டிய எடை இருக்கும் என்பதால் குழந்தை இழுத்தால் கீழே வராதபடி ஒயரைத் தட்டின் பின்விளிம்பில் கட்டி வையுங்கள். கொலுவுக்கும் விசேஷங்களுக்கும் இடம் மாற்ற வேண்டியிருந்தால், கழற்றி மாட்ட எளிதான வாழைப்பிளக் முனைகள் உதவும்.

ஈரம், பூச்சி, மின்சாரம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் வீடுகளில் சுவரே ஈரம் கசியும். பெட்டிகள் பெரும்பாலும் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையால் ஆனவை, தண்ணீர் பட்டால் அது உப்பி, பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. வெளிச்சுவரை ஒட்டி வைக்காமலும், சாரல் அடிக்கும் சன்னலுக்குக் கீழே வைக்காமலும் இருந்தால் போதும். வூஃபரின் விளிம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா ஃபோமா என்று பாருங்கள். ஃபோம் வளையம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும், ரப்பர் நீண்ட காலம் தாங்கும். பழைய ஸ்பீக்கரை வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வளையத்தைத்தான். காற்றுத் துளைக்குள் குளவி கூடு கட்டுவதும் பல்லி குடியேறுவதும் உண்டு. மெல்லிய கொசுவலைத் துண்டால் மூடலாம். பூஜை விளக்குக்கு நேர் மேலேயோ பக்கத்திலேயோ வைத்தால் எண்ணெய்ப் புகை வலையிலும் ட்வீட்டர் குமிழிலும் படியும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் அது சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை தரும்) வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது பல ஆம்ப்ளிஃபயர்கள் இரைகின்றன. இடி மின்னல் நேரத்தில் பிளக்கையும் கேபிள் டி.வி. ஒயரையும் சேர்த்தே பிடுங்கிவிட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கடந்த பின் பல நாட்கள் மின்சாரமின்றி இருந்த ஊர்களில் உள்ளவர்களுக்கு, மின்சாரம் திரும்பி வரும்போது ஏற்படும் அழுத்த ஏற்றத்தாழ்வைப் பற்றி விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நல்ல சர்ஜ் பாதுகாப்புள்ள பலகையில் இணையுங்கள்.

கேட்டுப் பார்த்து வாங்குதல்

தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் ஸ்பீக்கர் ஜோடியை உட்கார்ந்து கேட்கும் வசதி எளிதில் அமைவதில்லை. திருச்சிக்கோ சென்னைக்கோ போக முடிந்தவர்கள் அங்கே கேட்கலாம். மற்றவர்கள் திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் இணையத்தில் வாங்கி, அந்தக் கெடுவுக்குள் தங்கள் கூடத்திலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது. சொல்லப்போனால் இரண்டாவது வழியே நம்பகமானது, ஏனென்றால் கடையின் அறை வேறு, உங்கள் கூடம் வேறு.

கடைக்காரர் போடும் பாட்டை வைத்து முடிவு செய்யாமல், உங்களுக்கு நெடுநாள் பழகிய பதிவுகளைக் கைபேசியில் கொண்டு போங்கள். நாகஸ்வரம் இருக்கட்டும். திறந்த வெளிக்கென்று பிறந்த அந்த வாத்தியம், ஸ்பீக்கரின் மேல் நடுப்பகுதியில் சிறிது கூர்மை இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்; காது கூசாமல் ஒரு ஆலாபனையை முழுதாகக் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். தவிலில், வலந்தலையில் விரற்கூடுகள் எழுப்பும் கூரிய சொற்களும் இடந்தலையில் கழி எழுப்பும் கனத்த அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்; இரண்டும் ஒன்றாகக் குழம்பினால் பெட்டி அதிர்கிறது என்று பொருள். தம்புராவின் மீட்டு ஒரு தொடர்ச்சியான ரீங்காரமாக விரிய வேண்டும். ஒரு பெண் குரலில் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் சீறலாக மாறுகின்றனவா என்று கவனியுங்கள். கடைசியாக ஒரு ஆண் செய்தி வாசிப்பாளரின் குரலைப் போடுங்கள். அவர் நெஞ்சிலிருந்து பேசுவதுபோல் இயல்பாக இருக்க வேண்டும், அலமாரிக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கக் கூடாது. இவற்றை எல்லாம் நீங்கள் வழக்கமாக வைக்கும் சத்தத்திலும், பிறகு பக்கத்தில் ஒருவர் தாழ்ந்த குரலில் பேசினாலும் கேட்கும் அளவுக்கு மெல்லிய சத்தத்திலும் இரண்டு முறை கேட்க வேண்டும். இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருப்பதை உறுதி செய்யுங்கள். சற்றே அதிகச் சத்தத்தில் ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகவே தோன்றும்.

பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டருக்கு அருகே காதை வைத்துப் பாருங்கள். ஆக்டிவ் வகைகளில் மெல்லிய ‘ஸ்ஸ்’ இருக்கலாம், ஆனால் மூன்றடி தள்ளி வந்தால் அது மறைய வேண்டும். இடது வலது இணைப்புகளில் சிவப்பு, கறுப்பு முனைகள் மாறாமல் இருக்கின்றனவா என்பதற்கு, நடுவில் உட்கார்ந்து குரல் மையத்திலிருந்து வருகிறதா என்று கேட்டாலே போதும். மாறியிருந்தால் குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் பரவி, தாழ்ந்த ஒலியும் மெலிந்திருக்கும். திருப்பித் தரும் கெடு முடியும் வரை அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் பத்திரமாக வைத்திருங்கள். பில்லில் இரண்டு பெட்டிகளின் வரிசை எண்களும் எழுதப்பட்டிருக்க வேண்டும், உத்தரவாதம் எந்த ஊர்ச் சேவை மையத்தில் செல்லும் என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.